சிறுநீரகக் கணிப்பில் இனக் காரணி

சிறுநீரகக் கணிப்பில் இனக் காரணி என்பது, அமெரிக்க ஐக்கிய நாட்டில் சிறுநீரகத்தின் செயல்திறனை அளக்கும் சூத்திரங்களில் 1999 முதல் இருந்து, 2021இல் கைவிடப் பரிந்துரைக்கப்பட்ட ஒரு பெருக்கல் எண். நோயாளி கறுப்பினத்தவர் என்று பதிவாகியிருந்தால் மட்டும் விடையை இந்த எண்ணால் பெருக்கினார்கள். பெருக்கியதும் சிறுநீரகம் சற்று நலமாக இருப்பதுபோல் பரிசோதனைத் தாளில் தெரிந்தது. அந்த ஒரு பெருக்கலால் பல்லாயிரம் கறுப்பின நோயாளிகளுக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைப்பது தள்ளிப்போனது.

தசைகளிலிருந்து கிரியாட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் சேர்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது, கழிவு தேங்கும். தேங்கிய அளவோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பதே இஜிஎஃப்ஆர் எனப்படும் மதிப்பிட்ட வடிதிறன். 1999இல் வெளியான எம்டிஆர்டி சூத்திரம் இவற்றோடு இனத்தையும் சேர்த்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்களில் ஒரே வடிதிறன் கொண்டோரை ஒப்பிட்டபோது, கறுப்பினத்தவருக்குச் சராசரியாகக் கிரியாட்டினின் கூடுதலாக இருந்தது. அவர்களுக்குத் தசை அதிகம் என்பதே காரணம் என்று விளக்கம் தரப்பட்டது. அதற்கான சான்றோ வலுவற்றது. 2009இல் வந்த சிகேடி-எபி சூத்திரமும் 1.159 என்ற எண்ணால் பெருக்கியது.

ஐம்பது வயது ஆண் ஒருவர், கிரியாட்டினின் 3.6. 2009ஆம் ஆண்டுச் சூத்திரப்படி, அவர் வெள்ளையரானால் வடிதிறன் ஏறக்குறைய 18.6. கறுப்பினத்தவரானால் 21.5. இரத்தம் ஒன்று, வயது ஒன்று, விடை மட்டும் இரண்டு. டயாலிசிஸ் தொடங்காதவர் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்போர் பட்டியலில் நாள்களைச் சேர்க்கத் தொடங்க வேண்டுமானால் வடிதிறன் 20 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். முதலாமவருக்கு வரிசை அன்றே தொடங்கிவிடும். இரண்டாமவர் இன்னும் கெட்டுப்போகக் காத்திருக்க வேண்டும். தாய் கறுப்பினத்தவர், தந்தை வெள்ளையர் என்றால் எந்த எண்ணை எடுப்பது? சூத்திரத்தில் அதற்குப் பதில் இல்லை. உடலின் அளவையாகக் காட்டப்பட்டது உண்மையில் பதிவேட்டில் இருந்த ஒரு சொல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 13 விழுக்காடு. சிறுநீரகம் செயலிழந்தோரில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதிகம் பாதிக்கப்பட்டவர்களே அதிகம் காக்க வைக்கப்பட்டார்கள்.

முதலில் கேள்வி கேட்டவர்கள் சிறுநீரகவியல் துறையின் பெரிய பதவிகளில் இருந்தவர்கள் அல்லர். சட்டப் பேராசிரியர் டோரதி ராபர்ட்ஸ் 2015இல் ஒரு பொது உரையில் இந்தக் கணக்கை நேரடியாகவே கண்டித்தார். சான் பிரான்சிஸ்கோவில் சிறுநீரக மருத்துவராகப் பணியாற்றிய வனெசா கிரப்ஸ், தாமே கறுப்பினப் பெண், தம் துணைவருக்குத் தம் சிறுநீரகத்தைக் கொடுத்தவர், துறைக்குள்ளிருந்தே எதிர்ப்பை எழுப்பினார். பல இடங்களில் மருத்துவ மாணவர்கள்தான் வகுப்பறையில் எழுந்து "ஏன்?" என்றார்கள். தம்மை மதிப்பிடப்போகும் ஆசிரியரை நோக்கி அப்படிக் கேட்பதற்குத் துணிவு வேண்டும். பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை 2017இலேயே பெருக்கலைக் கைவிட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2020இல் கைவிட்டது. அதே 2020இல், இதய நோய், மகப்பேறு எனப் பல துறைகளின் கணக்குகளிலும் இனம் ஒளிந்திருப்பதை டர்ஷாலி வியாஸ் முதலிய மூவர் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அடுக்கிக் காட்டினர்.

மாற்றத்துக்கு எதிராகச் சொல்லப்பட்டவை எல்லாமே வீம்பு அல்ல. வடிதிறன் எண் இறங்கினால் சில புற்றுநோய் மருந்துகளின் அளவைக் குறைக்க நேரும். சிறுநீரகம் கொடுக்க முன்வரும் உறவினர் தகுதி இழக்கக்கூடும். எனவே பெருக்கல் எண்ணை வெறுமனே நீக்கினால் போதாது, கணக்கையே புதிதாகப் போட வேண்டும் என்ற முடிவு சரியானதே. தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கமும் அமைத்த குழு, 2021 செப்டம்பரில் இனம் இல்லாத புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. துல்லியம் தேவைப்படும் இடத்தில் சிஸ்டாட்டின்-சி என்ற இன்னொரு இரத்தப் பொருளை அளக்கும் பரிசோதனையையும் சேர்க்கச் சொன்னது.

ஆனால் ஏற்கெனவே இழந்த காலம்? உறுப்புப் பகிர்வை நடத்தும் தேசிய வலையமைப்பு 2022இல் இனக் காரணியைத் தடைசெய்தது. 2023 ஜனவரியில் இன்னொரு படி எடுத்து வைத்தது. ஒவ்வொரு மாற்று அறுவை மையமும் தன் பட்டியலிலுள்ள கறுப்பின நோயாளிகளின் பழைய பரிசோதனைத் தாள்களைத் தேடியெடுத்து, பெருக்கல் இல்லாமல் திரும்பக் கணக்கிட்டு, இழந்த நாள்களை ஓராண்டுக்குள் வரிசையில் சேர்த்துத் தர வேண்டும் என்றது. பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் காத்திருப்புக் காலம் திருத்தப்பட்டது. மருத்துவத்தில் இழைத்த அநீதியை இப்படி ஆள் ஆளாக எண்ணித் திருப்பிக் கொடுத்தது அரிது. 1999க்கும் 2023க்கும் இடையில் காத்திருந்தே இறந்தவர்களுக்கு இந்தத் திருத்தம் எட்டவில்லை. அது பட்டியலில் இன்னும் பெயர் இருந்தவர்களுக்கு மட்டுமே.