சூரிய மின்தகடும் மின்கலமும்: விலையின் வரலாறு

அண்மையில் இஷா தொழுகைக்குப் பின், ஆவடியில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் விலைப்பட்டியல் ஒன்றை எங்களிடம் நீட்டினார். 3 கிலோவாட் சோலார், பேட்டரியுடன். மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த பணத்தில் கை வைப்பதா, வங்கியில் கடன் வாங்குவதா என்பது அவர் கேள்வி. வட்டியின் சட்டத்தை அவரும் அறிவார், நாங்களும் அறிவோம். அதில் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. அந்த விலை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இருவரும் அறிந்திருக்கவில்லை. அதைத் தேடியதில் கிடைத்ததை இங்கே எழுதுகிறோம்.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் சிலிக்கான் சூரியக் கலத்தை உருவாக்கினர். தன்மீது விழுந்த ஒளியில் சுமார் 6 விழுக்காட்டை மட்டுமே அது மின்சாரமாக்கியது. ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 300 டாலர் ஆனதால் வீடுகள் அதை எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை. 1958இல் வான்கார்டு செயற்கைக்கோள்தான் அதைச் சுமந்து சென்றது. எழுபதுகளில் எலியட் பெர்மன் மலிவான சிலிக்கானைக் கொண்டு விலையை 20 டாலர் அளவுக்கு இறக்கினார். இந்தியாவில் 1977இல் சாஹிபாபாத்திலுள்ள சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் நாட்டின் முதல் சூரியக் கலத்தைச் செய்தது. இன்று ஒரு வாட் தகடு 30 ரூபாய்க்குள் கிடைக்கிறது.

நம் மாநிலத்தில் இக்கதை மின்வெட்டோடு பின்னியது. 2012இல் சென்னையில் நாள்தோறும் 2 மணி நேரம் மின்சாரம் நின்றது. வெளி மாவட்டங்களில் 10 மணி நேரத்தையும் தாண்டியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் டீசலுக்குச் செலவழித்தே களைத்தன. எங்கள் மக்தபில் மஃக்ரிபுக்குப் பின் பிள்ளைகள் அவசர விளக்கைச் சுற்றி அமர்ந்து ஓதினர். வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் குடியேறியதும் அக்காலத்தில்தான்.

அதற்கு முந்தைய ஆண்டே அரசு, சிற்றூர்களில் பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 1,80,000 ரூபாய் வீட்டில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கு. அத்தொகைக்குக் கிடைத்தவை ஐந்து விளக்குகள்! 2012 அக்டோபரில் தமிழ்நாடு சூரிய ஆற்றல் கொள்கை வெளியாயிற்று. கூரையில் 1 கிலோவாட் அமைக்க அப்போது ஏறத்தாழ ஓர் இலட்சம். மத்திய அரசு 30 விழுக்காடும் மாநில அரசு 20,000 ரூபாயும் அளித்தன. ஆனால் அவை மின்வாரியக் கம்பியோடு இணைந்த, பேட்டரி இல்லாத அமைப்புகள். கம்பியில் மின்சாரம் நின்றால் அவையும் நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பம் ஏறியவரின் உயிரைக் காக்க வேண்டுமே! மின்வெட்டின் காலத்தில் பிறந்த திட்டம் மின்வெட்டின்போது உதவாது என்பதைப் பலர் பணம் கட்டிய பிறகே அறிந்தனர். இன்றும் பலர் அறியார்.

பேட்டரியின் வரலாறு வேறு. ஈய அமிலக் கலத்தை 1859இல் பிரான்சின் பிளாந்தே கண்டறிந்தார். ஈயத்தின் எடையே விலையாக நிற்பதால் அது தகட்டைப் போல் மலியவில்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் கணக்குப்படி 1.8 யூனிட், அது நெடுநாள் உழைக்க வேண்டுமாயின் பாதியளவே எடுக்கலாம். ஒரு மின்விசிறிக்கும் இரண்டு விளக்குக்கும் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். 15,000 ரூபாய்க்கு வாங்கி ஐந்தாண்டு நாள்தோறும் பயன்படுத்தினால் யூனிட் 9 ரூபாய். ஆண்டில் ஐம்பது முறை மட்டுமே தேவைப்பட்டால் அதுவே 65 ரூபாயைத் தாண்டும். லித்தியம் பேட்டரி 2010இல் கிலோவாட்-மணிக்கு 1,000 டாலருக்கு மேல் விற்றது. 2024இல் உலகச் சராசரி 115 டாலர். நம் கடைகளுக்கு வரும்போது அது பலமடங்காகிறது என்பது தனிக்கதை.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய் மானியம். பேட்டரிக்கு ஏதுமில்லை. மானியமும் அமைத்து முடித்த பின்னரே வங்கிக் கணக்கில் சேரும். ஆகையால் முழுத்தொகையும் முதலில் நம் கையிலிருந்து போக வேண்டும். கடன் என்னும் வாசல் திறப்பது இங்கேதான்.

சகோதரரின் மின்கட்டண அட்டையை வாங்கிப் பார்த்தோம். இரு மாதங்களுக்கு 380 யூனிட். முதல் 100 இலவசம் போக ஏறத்தாழ 1,100 ரூபாய். ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தருமாதலால் அவருக்கு 2 கிலோவாட்டே மிகுதி. அரசு மதிப்பில் ஓர் இலட்சம், மானியம் போக 40,000. ஆறு ஆண்டுகளில் மீளும். 200 யூனிட் மட்டும் செலவழிக்கும் அவருடைய தம்பி வீட்டுக்கோ 1 கிலோவாட் வைத்தாலும் பதினான்கு ஆண்டுகள் ஆகும். ஏழை வீட்டுக்கு இலவச 100 யூனிட்டே பெரிய சோலார் என்று நாங்கள் சொன்னபோது தம்பி சிரித்துவிட்டார்.

மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், இருளில் கழிந்த இரவுகளை நினைவூட்டி, பேட்டரி வேண்டாமா என்றார் சகோதரர். வீட்டில் பழைய இன்வெர்ட்டர் இருக்கிறதே என்றோம். 2 கிலோவாட்டுக்குப் புதிய விலைப்பட்டியல் கேட்டிருக்கிறார். மானியம் வரும்வரை தேவைப்படும் 60,000 ரூபாயை வட்டியின்றித் தர அவருடைய மைத்துனர் இசைந்துள்ளார். தவணையை எழுதிச் சாட்சி வைக்கும் பொறுப்பு எங்களுடையது.