செம்பனை ஓடு ஜல்லியான வரலாறு: சபா ஆய்வுகளும் காட்டாங்குளத்தூர்ச் சிரட்டையும்

முன்னுரை

சாதாரண கான்கிரீட் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ எடை இருக்கும். அதில் வார்த்த தளமும் உத்திரமும், ஆளையும் பொருளையும் தாங்குவதற்கு முன் தம்மையே தாங்கியாக வேண்டும். இந்தத் தன்னெடை குறைந்தால் தூண் மெலியும், அடித்தளம் சிறுக்கும், நிலநடுக்கத்தின்போது கட்டடத்தின்மீது வரும் விசையும் தணியும். ரோமானியர் பாந்தியான் குவிமாடத்தின் மேற்பகுதியில் எரிமலை நுரைக்கல்லைச் சேர்த்தது இதற்காகவே. 1918-இல் அமெரிக்கரான ஸ்டீபன் ஹேட், களிப்பாறையைச் சூளையில் உப்பவைத்து ஜல்லியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே இலேசான கான்கிரீட்டால் ஆன ‘செல்மா’ என்னும் எண்ணெய்க் கப்பல் நீரில் இறங்கியது.

உப்பவைத்த ஜல்லிக்கு 1,000 பாகைக்கு மேற்பட்ட சூளை வெப்பம் வேண்டும். சூளையே ஏறாமல் தோட்டத்திலிருந்து வரும் கடினமான ஓடு அந்த இடத்தை நிரப்புமா என்ற கேள்வி 1980-களில் எழுந்தது. மலேசியச் செம்பனை ஓட்டையும் தமிழ்நாட்டுச் சிரட்டையையும் முன்வைத்து அக்கேள்வியின் வரலாற்றை இக்கட்டுரை தொடர்கிறது. ஓட்டின் வலிமை பற்றிய ஐயம் 2011-க்குள்ளேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்பதும், கட்டுமானத்தில் அது பரவாததற்குக் காரணம் ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறது என்பதும் இதன் வாதம்.

1. ஓட்டை மெலியவைத்த பயிர்ப்பெருக்கம்

மேற்கு ஆப்பிரிக்கப் பயிரான செம்பனை, மலாயாவில் முதலில் அழகுமரமாகவே நின்றது. 1917-இல் ஹென்றி ஃபோகோனியே கோல சிலாங்கூர் வட்டாரத்துத் ‘தென்னமரம்’ தோட்டத்தில் அதை வணிகப் பயிராக நட்டார். அன்று பயிரிடப்பட்ட டூரா வகையின் கொட்டை, தடித்த ஓடு கொண்டது. டூராவையும் ஓடில்லாத பிசிஃபெராவையும் கலந்தால் மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் உடைய டெனெரா பிறக்கும் என்பதை 1941-இல் பெல்ஜியக் காங்கோவில் பெர்னாரும் வாண்டர்வேயனும் நிறுவினர். டெனெராவில் எண்ணெய் சுமார் 30 விழுக்காடு கூடுதல். 1960-களில் மலேசியத் தோட்டங்கள் அதற்கு மாறின. 2013-இல் ஓட்டின் தடிப்பை ஆளும் மரபணுவையே மலேசிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். நாற்றங்காலிலேயே தடித்த ஓட்டுக் கன்றுகளைக் களைய அது வழிவகுத்தது.

ஆக, பயிரியலார் ஓட்டை ஒழிக்கப் பாடுபட்ட அதே காலத்தில்தான் பொறியாளர்கள் அந்த ஓட்டில் கட்டுமானப் பொருளைத் தேடினர். ஓடு ஒருபோதும் தனக்காக விளைவிக்கப்பட்டதில்லை. எண்ணெய்க் கணக்கில் மிஞ்சியதுதான் ஜல்லிக் கணக்கில் வரவானது.

2. ரூர்க்கி முதல் சபா வரை

1984-இல் ரூர்க்கியில் குறைந்த செலவு வீடுகள் பற்றி நடந்த பன்னாட்டு மாநாட்டில், வேளாண் கழிவை ஜல்லியாக்கிய இலேசான கான்கிரீட்டின் அடிப்படை வலிமை குறித்து மலேசிய ஆய்வாளர் அப்துல்லா கட்டுரை அளித்தார். நைஜீரியாவில் ஒகாஃபோர் (1988), ஒக்பாலா (1990) ஆகியோரும் செம்பனை ஓட்டை ஆராய்ந்தனர்.

ஒரு பிடி ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே சிக்கல் புரியும். ஒருபுறம் குழிவு, மறுபுறம் குவிவு. இரு முகங்களும் வழவழப்பு, உடைந்த விளிம்பு மட்டும் சொரசொரப்பு. நாரும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருக்கும். கொட்டி அளந்தால் ஒரு கனமீட்டர் சுமார் 600 கிலோதான். கருங்கல் ஜல்லி அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் ஒரே நாளில் தன் எடையில் ஏறத்தாழ 23 விழுக்காடு நீரைக் குடித்துவிடும். உலர்ந்தபடி கலவையில் கொட்டினால் சிமெண்டுக்குரிய நீரை ஓடு பறித்துக்கொள்ளும். ஆகவே 24 மணி நேரம் ஊறவைத்து, மேற்பரப்பு ஈரத்தை மட்டும் ஆற்றிச் சேர்ப்பது வழக்கமாயிற்று. உள்ளே தங்கிய நீர் பின்னர் மெல்லக் கசிந்து, கான்கிரீட்டுக்கு உள்ளிருந்தே நீராற்றுகிறது என்பது இதில் கிடைத்த ஆதாயம்.

சபா மலேசியப் பல்கலைக்கழகத்தில் மன்னன், கணபதி ஆகியோர் 2000-களின் தொடக்கத்தில் கலவை விகிதங்களை முறைப்படுத்தினர். கருங்கல்லுக்கு வகுத்த கலவை முறைகள் ஓட்டுக்குப் பொருந்தாது என்பது அவர்களின் முக்கிய முடிவு. அவ்வளாகத்திலேயே 2001-இல் ஏறத்தாழ 2 மீட்டர் நீள நடைபாலமும், 2003-இல் சுமார் 59 சதுர மீட்டர் வீடும் ஓட்டுக் கான்கிரீட்டால் கட்டப்பட்டன. கம்பி வைத்த உத்திரங்களின் வளைவுச் சோதனைகளை டியோவும் மன்னனும் 2006-இல் வெளியிட்டனர்.

அடுத்த படி மலாயாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. ஷஃபீக், ஜுமாத், மஹ்மூத் ஆகியோர் பழைய ஓட்டை நொறுக்கிப் பயன்படுத்தினர். வெளியில் மாதக்கணக்கில் கிடந்த ஓட்டில் நாரும் பிசுக்கும் நீங்கியிருந்தன. நொறுக்கியதால் வழவழப்பான முகம் குறைந்து சொரசொரப்பான விளிம்பு கூடியது. சிமெண்டின் பிடிப்பு இறுகவே, வலிமை 40 மெகாபாஸ்கலைத் தாண்டியது (2011). கட்டுமானத் தர இலேசு கான்கிரீட்டுக்கு அமெரிக்கத் தரநிலை கேட்பது 17 மெகாபாஸ்கல்தான்.

3. சிரட்டையின் வழி

செம்பனை குறைவாகவே விளையும் தமிழ்நாட்டில் இதே ஆய்வு தேங்காய்ச் சிரட்டையைப் பற்றிக்கொண்டது. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் குணசேகரன் குழுவினர் 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், சிரட்டைக் கான்கிரீட் 28 நாளில் 26.70 மெகாபாஸ்கல் வலிமை காட்டியது. இந்தியத் தரநிலை கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு விதிக்கும் குறைந்தபட்ச அளவான எம்-20-ஐ இது கடக்கிறது. சிரட்டையில் உள்ள சர்க்கரை சிமெண்ட் இறுகுவதைக் கெடுக்குமோ என்ற அச்சத்துக்கும் விடை வந்தது: அது தனித்துக் கரையும் நிலையில் இல்லாததால் கேடில்லை. கம்பிப் பிடிப்பு, வளைவு, சுருக்கம் என அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆய்வு விரிந்தது.

4. வலிமைக்கு அப்பால்

அப்படியானால் தடை எங்கே? முதலாவது, விறைப்பு. ஓட்டுக் கான்கிரீட்டின் மீள்தன்மைக் குணகம் பெரும்பாலும் 5 முதல் 11 கிகாபாஸ்கல். சாதாரண கான்கிரீட்டுக்குச் சுமார் 25. சுமை ஏறினால் உடையாது, ஆனால் தொய்யும். நீண்ட உத்திரத்துக்கு இது குறை. சிறு வீட்டுத் தளத்துக்குச் சமாளிக்கத்தக்கது.

இரண்டாவது, சிமெண்ட். மேற்சொன்ன சிரட்டைக் கலவையில் கனமீட்டருக்கு 510 கிலோ சிமெண்ட் செல்கிறது. அதே வலிமையுள்ள சாதாரண கான்கிரீட்டுக்கு 300 முதல் 350 கிலோ போதும். ஒரு டன் சிமெண்டுக்குக் குறைந்தது 0.6 டன் கரியமில வாயு என்று கொண்டாலும், கனமீட்டருக்குச் சுமார் 100 கிலோ கூடுதல் உமிழ்வு. கருங்கல்லை மிச்சம்பிடித்த ஆதாயத்தை இது விழுங்கிவிடும். கழிவைப் பயன்படுத்துவதாலேயே ஒரு பொருள் பசுமையாகிவிடாது.

மூன்றாவது, விலை. செம்பனை ஓடு ஆலைக் கொதிகலன்களில் எரிகிறது. 2012-இல் ஜப்பான் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு நிலையான கொள்முதல் விலை அறிவித்த பின், அந்நாட்டு மின்நிலையங்களுக்குக் கப்பலேறுகிறது. சிரட்டையோ காங்கயம் வட்டாரத்தில் கரியாகவும் ஊக்குவிக்கப்பட்ட கரியாகவும் மாறி ஏற்றுமதியாகிறது. கருங்கல் ஜல்லியின் விலையோடு போட்டியிட வேண்டிய பொருளை எரிபொருள் சந்தை அதைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்கிறது. ஆய்வுக் கட்டுரைகள் இன்னும் ‘கழிவு’ என்று தொடங்கினாலும், ஆலை வாசலில் அது சரக்கு.

முடிவுரை

ஏறத்தாழ 40 ஆண்டு ஆய்வு, ஓடு தாங்கும் என்பதை நிறுவியிருக்கிறது. மேலும் சில மெகாபாஸ்கலைக் கூட்டிக் காட்டும் சோதனைகளால் இனிப் பெரும்பயன் இல்லை. குறைந்த சிமெண்டில், உலைச் சாம்பலோ கசடோ கலந்து, அதே வலிமையை எட்ட முடியுமா என்பதே முதற்கேள்வி. எரிபொருளாக விலைபோகாத ஓடு எந்த ஆலைகளில் தேங்குகிறது, அங்கிருந்து எவ்வளவு தொலைவுக்குள் கட்டடம் எழுந்தால் கணக்கு நேராகும் என்பது அடுத்த கேள்வி. இவற்றுக்கு அழுத்தச் சோதனைக் கருவி மட்டும் விடை சொல்லாது. ஆலையின் வரவுசெலவுப் புத்தகத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.