பூட்டும் திறவுகோலும்

கல் சிந்திப்பதில்லை, கட்டடம் போதிப்பதில்லை. ஆனால், ஒரு கட்டடத்தின் திறவுகோல் எவர் கையில் இருந்தது, எவரை அது உள்ளே விட்டது, எந்தக் கேள்வியை வெளியே நிறுத்தியது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நாட்டின் வரலாறே விடையாக வந்து நிற்கும்.

இத்தாலியின் தலைநகராம் உரோமாபுரியின் நடுவே அத்தகைய கட்டடம் ஒன்று உண்டு. 'உரோமன் கல்லூரி' என்பது அதன் பெயர். ஐரோப்பாவில் மறுமலர்ச்சி மணம் வீசிய 16-ஆம் நூற்றாண்டில், 1551-இல், இயேசு சபையைத் தோற்றுவித்த இக்னேஷியஸ் லயோலா அக்கல்லூரியைத் தொடங்கினார். முதலில் அது ஒரு சிறு வீடு. இலக்கணமும் இலக்கியமும் மதபோதனையும் கட்டணமின்றிக் கற்பிக்கப்படும் என்ற அறிவிப்பு அதன் வாயிலில் இருந்தது. காசில்லாதவன் வீட்டுப் பிள்ளைக்கும் கல்வி! அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். மாற்றாரிடம் உள்ள நன்மையை மறைப்பது பகுத்தறிவாளன் பண்பன்று.

மாணவர் பெருகினர், வீடு போதவில்லை. போப்பாண்டவர் 13-ஆம் கிரிகோரியின் ஆதரவில், 1582-இல் பெருமாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1584-இல் அது திறக்கப்பட்டது. அதே 1582-இல்தான் நாட்காட்டி திருத்தப்பட்டு, அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. அத்திருத்தத்தில் பெரும்பங்கு கொண்ட கிளேவியஸ், இக்கல்லூரியின் கணித ஆசிரியர்.

1611-இல் அவ்வாயிலில் கலிலியோ நுழைந்தார். வியாழனைச் சுற்றும் துணைக்கோள்களையும், நிலவைப்போலத் தேய்ந்து வளரும் வெள்ளியையும் தொலைநோக்கியில் கண்டவர் அவர். கல்லூரிக் கணிதர்கள் தாங்களும் பார்த்தனர். கண்டது மெய்யே என்று சான்றளித்தனர். அவை கூட்டி அவருக்குச் சிறப்பும் செய்தனர். பிறகு? அரிஸ்டாட்டிலின் தத்துவத்தை விட்டு விலகாதீர் என்று சபைத் தலைவரிடமிருந்து ஆணை வந்தது. 1616-இல், கோப்பர்நிக்கசின் நூலைத் திருத்தும்வரை படிக்கலாகாது என்று திருச்சபை தடுத்தது. 1633-இல் கலிலியோ தண்டிக்கப்பட்டார். பூமி சுழல்கிறது என்பதை உண்மையென்று உரைக்க அக்கூடத்திலே எவருக்கும் உரிமையில்லை. கண் கண்டது, வாய்க்குப் பூட்டு விழுந்தது!

அக்கல்லூரியில் இறையியல் பயின்ற இராபர்ட் தெ நோபிலி 1606-இல் நம் மதுரைக்கு வந்தார். தமிழ் கற்றார், தமிழில் நூல்கள் இயற்றினார். ஆயினும், சாதி வேறுபாட்டை எதிர்க்காமல், அதற்கு இணங்கியே மதம் பரப்பினார். மதம் மாறியவர் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று 1623-இல் போப்பாண்டவர் 15-ஆம் கிரிகோரி இசைவளித்தார். பூமி சுற்றுவதற்கு இசையாத உரோமாபுரி, பூணூலுக்கு இசைந்தது!

கல்லூரியை ஒட்டி, சபையினர் புனித இக்னேஷியஸ் கோயிலை எழுப்பினர். திட்டமிட்ட குவிமாடம் எழவேயில்லை. 1685-இல் அந்திரேயா போட்சோ என்னும் ஓவியர், குவிமாடம் போலவே தோன்றும்படி துணியில் வண்ணம் தீட்டி அங்கே பொருத்தினார். 1773-இல் போப்பாண்டவரே இயேசு சபையைக் கலைத்தார். மாளிகை வேறு குருமார் கைக்குச் சென்றது. சபை மீண்டும் உயிர்பெற்றபின், 1824-இல் அவர்களிடமே திரும்பியது. 1850-களின் தொடக்கத்தில், அச்சபைத் துறவியான ஆஞ்சலோ செக்கி, குவிமாடத்தைத் தாங்கவென்று எழுப்பிய தூண்களின் மேல் வான் ஆய்வுக்கூடம் அமைத்தார்; நாலாயிரத்திற்கு மேற்பட்ட விண்மீன்களின் ஒளியைப் பகுத்து வகைப்படுத்தினார். கீழே தீட்டிய பொய்த்தோற்றம். மேலே துருவித் தேடும் தொலைநோக்கி. தடை தளர்ந்தால் துறவியின் கையிலும் அறிவு சுடர்விடும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

1870-இல் இத்தாலியப் படை உரோமாபுரியில் நுழைந்தது; போப்பாண்டவரின் ஆட்சி முடிந்தது. திறவுகோல் அரசின் கைக்கு மாறியது. மாளிகையின் ஒரு பகுதியில் 'விஸ்கோன்ட்டி' என்னும் அரசுப் பள்ளி அமைந்தது. 1876-இல் அங்கே தேசிய நூலகம் திறக்கப்பட்டது. கலைக்கப்பட்ட மடங்களில் அடைந்து கிடந்த ஏடுகள், பொதுமக்கள் பார்வைக்கு வந்தன.

அத்துடன் இருள் அகன்றது என்று எழுதி முடிக்கவே ஆசை. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. 1938-இல் முசோலினியின் அரசு இனவெறிச் சட்டம் இயற்றி, யூதப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் அரசுப் பள்ளிகளிலிருந்து விரட்டியது. விஸ்கோன்ட்டிப் பள்ளியும் அதற்கு விலக்கன்று. நேற்றுவரை ஒரே பலகையில் அமர்ந்த பிள்ளை, பிறப்பின் பெயரால் வெளியே நின்றான். ஆணையிட்டவன் அங்கி அணிந்த குரு அல்லன். ஆட்சிக் கட்டிலில் இருந்தவன்!

1975-இல் நூலகம் வேறிடம் பெயர்ந்தது. இன்று அம்மாளிகையில் பள்ளியும், இத்தாலியின் பண்பாட்டு அமைச்சகமும் இயங்குகின்றன.

தோழர்களே, நான் பள்ளி ஆசிரியன். ஒவ்வொரு காலையும் வகுப்பறைக் கதவைத் திறக்கும்போது இக்கட்டடம் என் நினைவில் எழுகிறது. உரிமையாளர் மாறினால் மட்டும் கல்விக்கூடம் அறிவுக்கூடம் ஆகிவிடாது. எந்தப் பிள்ளையும் நுழையலாம், எந்தக் கேள்வியும் கேட்கலாம் — இவ்விரண்டும் உறுதியானால்தான் அது பள்ளி. இரண்டில் ஒன்று தவறினாலும், எத்துணை எழில்மிகு மாளிகையாயினும், அது வெறும் சுவரே. கதவைத் திறந்தவர்கள் நாம் என்று பெருமைகொள்வோர், அது திறந்தே இருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்கவும் வேண்டும்.