ஃப்ரீக் ஓர்லாண்டோ

‘ஃப்ரீக் ஓர்லாண்டோ’, உல்ரிக்கே ஓட்டிங்கர் இயக்கத்தில் 1981இல் மேற்கு ஜெர்மனியில் வெளிவந்த மீயதார்த்தப் பரிசோதனைத் திரைப்படம். ‘ஐந்து அத்தியாயங்களில் ஒரு சிறிய உலக அரங்கு’ என்பது இதன் துணைத்தலைப்பு. 126 நிமிடம் ஓடும் இந்த வண்ணப்படத்தில் ஓர்லாண்டோ என்னும் ஒரே பாத்திரம் காலந்தோறும் உடலும் பாலும் பெயரும் மாறி வருகிறது.

பின்னணி

1942இல் கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்த ஓட்டிங்கர், 1960களில் பாரிஸில் ஓவியராக இருந்தவர். அவருடைய மூன்று பெர்லின் படங்களில் இது நடுவில் அமைவது. 1979இல் வந்த ‘ஒரு குடிகாரியின் சித்திரம்’ முதலாவது; 1984இல் வந்த டோரியன் கிரே பற்றிய படம் மூன்றாவது. வர்ஜீனியா வுல்ஃபின் ‘ஓர்லாண்டோ’ (1928) நாவலின் நாயகன் நூற்றாண்டுகள் கடந்து வாழ்ந்து, இடையில் பெண்ணாகிறான். ஓட்டிங்கர் அந்தக் கருவை மட்டும் எடுத்துக்கொண்டார். டாட் பிரவுனிங்கின் ‘ஃப்ரீக்ஸ்’ (1932) படத்தின் சர்க்கஸ் உலகமும் கோயாவின் ஓவியங்களும் அதனுடன் சேர்ந்தன. திரைக்கதை, ஒளிப்பதிவு, கலை அமைப்பு மூன்றும் ஓட்டிங்கருடையவை.

கதை

முதல் அத்தியாயம் ‘ஃப்ரீக் சிட்டி’ என்னும் பல்பொருள் அங்காடியில் நடக்கிறது. அடுத்ததில் ஓர்லாண்டோ இடைக்காலத்தில் ஒரு தேவாலயப் படிகளில் அற்புதப் பிறவியாகப் பிறக்கிறார். மூன்றாவதில் ஸ்பெயினின் மதவிசாரணையிடம் சிக்குகிறார். நான்காவதில் சர்க்கஸில் சேரும் திரு. ஓர்லாண்டோ, ஒட்டிப் பிறந்த இரட்டையரில் லேனாவைக் காதலிக்கிறார். குறுக்கே நிற்கும் மற்றவளான லேனியைக் கொல்கிறார். இருவருக்கும் உடல் ஒன்று என்பதால் காதலியும் இறக்கிறாள். ‘நான்’ எங்கே முடிகிறது, ‘மற்றவர்’ எங்கே தொடங்குகிறார் என்ற கேள்வியைப் படம் மிகக் கூர்மையாக எழுப்பும் இடம் இதுவே. ஐந்தாவதில் திருமதி. ஓர்லாண்டோ ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி நடத்துகிறார். கடைசியில் இத்தாலியில் நடக்கும் அழகின்மைத் திருவிழாவைத் தொகுத்து வழங்குகிறார். அங்கே வழி தவறி வந்த, தோற்றத்தில் எந்த வித்தியாசமும் இல்லாத ஒரு விற்பனைப் பிரதிநிதிக்குப் பரிசு கிடைக்கிறது.

நடிப்பும் வடிவமும்

மக்தலேனா மோன்டெசூமா எல்லா ஓர்லாண்டோக்களாகவும் நடித்தார். டெல்ஃபின் செய்ரிக்கும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வேறு வேடம் ஏற்றார். இரட்டையரில் அவர் ஒருவர், திரைப்பட இயக்குநர் ஜாக்கி ரேனால் மற்றவர். இசை வில்ஹெல்ம் டீட்டர் சீபெர்ட். மேற்கு பெர்லினின் தொழிற்சாலைப் பகுதிகளும் கான்கிரீட் வெளிகளுமே புராண காலமாகவும் இடைக்காலமாகவும் காட்டப்படுகின்றன. எந்த நூற்றாண்டில் இருக்கிறோம் என்று பார்வையாளரால் உறுதியாகச் சொல்ல முடியாது.

முக்கியத்துவம்

ஜெர்மன் பெண்ணியத் திரைப்படத்திலும் பால்புதுமைத் திரைப்படத்திலும் இது முன்னோடிப் படைப்பு. வுல்ஃபின் நாவலை 1992இல் சாலி பாட்டர் படமாக்கியபோது வரலாற்றுக் கதையின் ஒழுங்கைப் பேணினார். ஓட்டிங்கரோ அந்த ஒழுங்கையே கலைத்தார். விகாரம் என்பது உடலில் இல்லை, விலக்கிவைக்கும் அதிகாரத்தின் பார்வையில் இருக்கிறது என்று ஐந்து காலங்களையும் சாட்சியாக வைத்துச் சொல்வதே இப்படத்தின் வலிமை.