வியாழக்கிழமை சூப்

எப்போதாவது ஸ்வீடனுக்குப் போகிற யோகம் அடித்தால், வியாழக்கிழமை மதியம் பசியோடு இருங்கள். பிப்ரவரி மாதமாக இருந்தால் இன்னும் உத்தமம். மூக்கு நுனி மரத்துப்போகிற குளிரில், மஞ்சளாக, கெட்டியாக, ஆவி பறக்க ஒரு கிண்ணம் உங்கள் முன்னால் வந்து உட்காரும். பட்டாணி சூப். அவர்கள் பாஷையில் ஆர்ட்சொப்பா.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. காய்ந்த மஞ்சள் பட்டாணியை முதல்நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டியது. மறுநாள் வெங்காயமும் உப்புப் போட்ட பன்றிக்கறியும் சேர்த்துக் குழையக் குழைய வேகவிட வேண்டியது. சாப்பிடும்போது ஒரு ஸ்பூன் கடுகு விழுது. முடித்ததும் ஜாம் தடவிய பான்கேக். அவ்வளவுதான் விருந்து.

அந்த ஊரில் வெயில் காலம் ரொம்பச் சுருக்கம். விளைந்ததைப் பத்திரப்படுத்தினால்தான் குளிர்காலம் முழுக்க அடுப்பு எரியும். காய்ந்த பட்டாணி சுலபத்தில் கெடாது. உப்புக்கறியும் அப்படியே. பி.காம். படித்தவன் கண்ணுக்கு இது சூப்பே இல்லை, க்ளோஸிங் ஸ்டாக்!

சரி, அதென்ன வியாழக்கிழமை? ஸ்வீடன் கத்தோலிக்க தேசமாக இருந்த காலத்தில் வெள்ளி விரதம். கறி ஆகாது. எனவே முந்தின நாளே வயிற்றைக் கனமாக நிரப்பிக்கொண்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்கிற காரணம். பதினாறாம் நூற்றாண்டில் லூதரின் மதம் வந்தது. விரதம் போச்சு. சூப் மட்டும் போகவில்லை. ராணுவத்தில்கூட வியாழன் என்றால் அதுதான்.

இத்தனை சாதுவான சூப்பின் மேல் ஒரு கொலைப்பழி இருக்கிறது. செத்தது சாமானியன் அல்ல, ராஜா.

பதினான்காம் எரிக். 1560-ல் பட்டத்துக்கு வந்தவர். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்துக்கே மாப்பிள்ளையாகப் பார்த்த ஆசாமி. படித்தவர். ஆனால் யாரைப் பார்த்தாலும் சந்தேகம். தம்பி யோஹானைச் சிறையில் போட்டார். 1567-ல் உப்சாலா கோட்டையில் ஸ்டூரே குடும்பத்துப் பிரபு ஒருவரைத் தன் கையாலேயே குத்தினார். அப்புறம் புத்தி பேதலித்துக் காட்டுக்குள் ஓடிவிட்டார். திரும்பி வந்து, கரின் என்கிற சாதாரண சிப்பாயின் மகளை ராணியாக்கினார். பிரபுக்களுக்கு இது போதாதா?

1568-ல் தம்பி முந்திக்கொண்டார். இப்போது யோஹான் ராஜா, எரிக் கைதி. கோட்டை கோட்டையாக மாற்றினார்கள். 1573-ல் கரினையும் குழந்தைகளையும் பிரித்தார்கள். கைதி உயிரோடு இருக்கும்வரை சிம்மாசனம் ஆடிக்கொண்டேதான் இருக்கும் இல்லையா? யாராவது எரிக்கை மீட்க முயன்றால் கதையை முடித்துவிடலாம் என்று 1575-ல் பிரபுக்களும் பிஷப்புகளுமே சம்மதித்துவிட்டார்கள்.

1577 பிப்ரவரி 26. ஓர்பிஹூஸ் கோட்டை. நல்ல குளிர். எரிக் செத்துப்போனார். வயது 43.

சூப்பில் ஆர்சனிக் என்று ஊரெல்லாம் பேச்சு. நிரூபிக்க வழியில்லை. 1958-ல் வெஸ்டெரோஸ் கதீட்ரலில் கல்லறையைத் திறந்தார்கள். எலும்புகளைச் சோதித்தால், ஆர்சனிக் எக்கச்சக்கம்! ஆனால், அந்தக் காலத்து மருந்துகளிலும் அது உண்டு. எந்தக் கிண்ணத்தில் வந்தது என்று எலும்பு சாட்சி சொல்லாது. எனக்கென்னவோ, ஜனங்கள் யோசித்தேதான் பட்டாணி சூப்பைச் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. குளிருக்கு இதமாக, வீட்டு வாசனையோடு வருகிற கிண்ணத்தை எந்தக் கைதி சந்தேகப்படுவான்? ஊரையே சந்தேகப்பட்ட எரிக்கும் அங்கேதான் ஏமாந்தார் என்பது கதை.

கரினை என்ன செய்தார்கள்? அப்போது ஸ்வீடனின் கையிலிருந்த ஃபின்லாந்தில் லியுக்சியாலா என்கிற பண்ணையைக் கொடுத்தார்கள். 1612-ல் சாகும்வரை அங்கேதான் இருந்தார்.

ஃபின்லாந்திலும் வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்தான்.