பழையாற்று இறால் ஓட்டின் சிவப்பு: அஸ்டாசாந்தின் மாற்றியங்களும் நிலைப்புத்தன்மையும்

சீர்காழி வட்டத்தில், கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறும் அதற்குத் தெற்கே திருமுல்லைவாசலும் பூம்புகாரும் இறாலுக்கும் கருவாட்டுக்கும் பெயர்போன துறைகள். இறாலின் எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு தலையும் ஓடுமாகக் கழிகிறது. அந்தக் கழிவின் முதன்மை நிறமி அஸ்டாசாந்தின் என்னும் கரோட்டினாய்டு. அதை மீட்பது பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கிராமுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கோடு நின்றுவிடுகின்றன. எந்த மாற்றியம், எந்தச் சூழலில், எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லாத கணக்கைக்கொண்டு ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனைப் பற்றி எதுவும் கூற இயலாது என்பதே என் வாதம்.

வலையில் துள்ளும் இறால் சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் இருக்கிறது. கொதிநீரில் இட்டதும் சிவக்கிறது. இதனால் புதிய நிறமி உண்டாவதில்லை. நிறமியைப் பற்றியிருந்த கிரஸ்டாசயனின் வகைப் புரதம் வெப்பத்தில் குலைகிறது. ஏறத்தாழ 630 நானோமீட்டரில் ஒளியை உட்கவர்ந்த நிறமி, விடுபட்டபின் 480 நானோமீட்டரை ஒட்டி உட்கவர்கிறது. சிங்கி இறாலில் இப்புரதத்தின் ஒரு பகுதியின் படிக அமைப்பு 2002இல் வெளியானது. நம் நோக்கில் முக்கியமானது வேறு: புரதம் குலைந்த கணத்திலிருந்து நிறமி ஒளிக்கும் காற்றுக்கும் ஆட்படுகிறது. வெயிலில் பரப்பிய கூனி இறால் நாளாக நாளாக வெளிறுவது இதன் கண்கூடான விளைவு.

இங்கே இருவகை மாற்றியங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒளிசுழற்சி மாற்றியங்கள் மூன்று. ஹீமட்டோகாக்கஸ் பாசி ஒன்றைத் தருகிறது, ஃபாஃபியா ஈஸ்ட் அதன் ஆடிப்பிம்பத்தைத் தருகிறது, தொழிற்சாலைச் செய்பொருளில் மூன்றும் 1:2:1 விகிதத்தில் கலந்திருக்கின்றன. ஆடிப்பிம்பங்களான இரண்டும் ஒரு சாதாரண கரைப்பானில் ஒரே வேகத்தில்தான் சிதைய முடியும். அத்தகைய சோதனையில் ஒன்று மற்றதை விஞ்சியது என்றால், கலப்படத்தையோ உடனிருக்கும் கொழுப்பையோதான் முதலில் ஐயப்பட வேண்டும்.

சிஸ், டிரான்ஸ் வேறுபாடு அப்படியன்று. இரண்டின் ஆற்றலும் வேறு, உருவமும் வேறு. நீண்டு நிமிர்ந்த டிரான்ஸ் மூலக்கூறுகள் எளிதில் படிகமாகின்றன. வளைந்த சிஸ் வடிவங்கள் கொழுப்பில் நன்கு கரைகின்றன. சூடேற்றினால் 13-சிஸ் விரைவாகவும் 9-சிஸ் மெதுவாகவும் தோன்றும். 2000இல் நார்வேயில் மூன்று ஆடவர்க்கு ஒருவேளை 100 மில்லிகிராம் அஸ்டாசாந்தின் கொடுத்துப் பார்த்தபோது, இரத்த பிளாஸ்மாவில் 13-சிஸ் தனித்துத் தேங்கியது. ஒளிசுழற்சி மாற்றியங்களின் விகிதமோ உணவில் இருந்தபடியே இருந்தது. மூவரை வைத்துப் பெரிதாக முடிவுகட்ட முடியாது. ஆயினும் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

அதனால் சிஸ் வடிவமே வலிமைமிக்க ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி என்று கொள்ளலாமா? 9-சிஸ் அஸ்டாசாந்தின் டிரான்ஸை விஞ்சியதாகச் சோதனைக்குழாய் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நன்கு கரையும் பொருள் அதிக மூலக்கூறுகளை வினைக்கு அனுப்பும். கரைதிறனின் பலன் வேதித்திறனாகக் கணக்கில் ஏறிவிடலாம். இன்னொரு தடை ஆக்சிஜன் அழுத்தம். பர்ட்டனும் இங்கோல்டும் 1984இல் காட்டியபடி, பீட்டா கரோட்டின் தனி உறுப்புகளை நன்றாகப் பிடிப்பது குறைந்த ஆக்சிஜன் அழுத்தத்தில்தான். அழுத்தம் மிகுந்தால் அதுவே ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும். திசுவுக்குள் கிடைக்கும் திறனைத் திறந்த மணல்வெளியில் எதிர்பார்ப்பது தவறு. தவிர, சிஸ் ஆவது பெரும்பாலும் மீளக்கூடியது. மூலக்கூறின் சங்கிலி அறுபடுவது மீளாதது. நிறம் குறைந்தது என்ற ஒற்றை அளவீடு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு ஆய்வு மதிப்புக்குரியது. இறால் கழிவைச் சமையல் எண்ணெய்களில் சூடேற்றி நிறமி பிரித்தார்கள். கடலை, நல்லெண்ணெய், கடுகு, தேங்காய், தவிட்டு எண்ணெய்களைவிடச் சூரியகாந்தி எண்ணெய் அதிகம் தந்தது. கழிவைப்போல் இருமடங்கு எண்ணெய், 70 டிகிரி செல்சியஸ், 150 நிமிடம் எனச் சிறந்த நிலை வகுக்கப்பட்டது. இது விளைச்சலுக்கான உச்சம். இரண்டரை மணிநேரச் சூட்டில் சிஸ் பங்கு எவ்வளவு ஏறுகிறது, ஓரைசனால் என்னும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி நிறைந்த தவிட்டு எண்ணெய் குறைவாகப் பிரித்தாலும் பிரித்ததைக் கூடுதல் நாள் காக்குமா என்பவை வேறு கேள்விகள். நெல்லும் இறாலும் அருகருகே விளையும் சீர்காழியில் அவை ஏட்டுக் கேள்விகள் அல்ல. பழையாற்றுக் கழிவிலிருந்து இந்த எண்ணெய்களில் பிரித்த நிறமியை இருட்டறையிலும் நிழலிலும் வெயிலிலும் வைத்து, உயர்திறன் நீர்ம வண்ணப்படிவுப் பிரிகையால் டிரான்ஸ், 9-சிஸ், 13-சிஸ் மூன்றையும் தனித்தனியே வாரந்தோறும் அளந்தால் அவற்றுக்கு விடை கிடைக்கும்.