கார் ரப்பருக்கு மண்ணெண்ணெய் போட்ட காலம்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். "பேரன் புதுக் கார் வாங்கியிருக்கான். டயருக்கும் டேஷ்போர்டுக்கும் போடுற பாலீஷ் கடையில பத்து விதம் வச்சிருக்கான். எதை வாங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல ஆரம்பித்து, அது அரை மணி நேரக் கதையாகிவிட்டது. அதையே இங்கே எழுதுகிறேன்.

1970-களில் எங்கள் ராஜபாளையத்தில் கார் என்றால் அம்பாசடர், இல்லாவிட்டால் பியட். துடைக்கும் பொருளுக்குப் பஞ்சமே கிடையாது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பிறகு மில்கள் பெருகி, இது நூற்பாலை ஊராகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் எப்போதும் ஒரு மூட்டை நூல் வேஸ்ட் கிடக்கும். அதை மண்ணெண்ணெயில் நனைத்து டயர், கதவு பீடிங், பெடல் ரப்பர் எல்லாவற்றையும் ஒரு துடை துடைப்பார்கள். கறுகறுவென்று மின்னும்.

நான் வேலை பார்த்த இடத்து டிரைவர் அண்ணாச்சி இன்னும் ஒருபடி மேலே போய், பழைய இன்ஜின் ஆயிலையும் அதில் கலப்பார். ஒருநாள் காலையில் அப்படிப் பூசிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினோம். ரத வீதி திருப்பத்தில் பூக்கூடையோடு ஒரு பாட்டி குறுக்கே வந்தார். அண்ணாச்சி பிரேக்கை மிதிக்க, செருப்பு வழுக்கிப் பெடலை விட்டு விலகியது. இரண்டாவது மிதிக்குத்தான் வண்டி நின்றது. பாட்டிக்கும் பம்பருக்கும் இடையே ஒரு சாண்.

"தம்பி, தப்பு என் மேலதான். ஆபீஸ்ல சொல்லிராதீங்க" என்றார் அண்ணாச்சி. கை நடுங்கியது. தெருக்குழாயில் சோப்புத் தூளும் தேங்காய் நாரும் போட்டுப் பெடலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் திரும்பினோம். நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

வழுக்குவது ஒரு ஆபத்து. ரப்பரே கெட்டுப்போவது இன்னொன்று. ரப்பர் பால் கெட்டியானால் நீளநீளமான இழைகளின் குவியல். வெயிலில் ஒட்டும், குளிரில் உடையும். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாவதைக் கண்டுபிடித்தார். கந்தகம் அந்த இழைகளுக்கு இடையே முடிச்சுப் போடுகிறது. ஆனால் மண்ணெண்ணெய், டீசல் போன்றவை அந்த இழைகளுக்கு நடுவே புகுந்து ரப்பரை உப்ப வைத்துவிடும்.

எம்.ஆர்.எஃப். நிறுவனர் மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் முதலில் செய்தது டயர் அல்ல, பலூன். அந்தப் பலூனை நினைத்துக்கொள்ளுங்கள். ஊதிய பலூன் பக்கத்தில் ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் பட்டென்று வெடிக்கும். சின்ன வயதில் நாம் செய்த குறும்புதான். தோலில் உள்ள எண்ணெய் ரப்பரைக் கரைப்பதுதான் காரணம். டயர் தடிமன் என்பதால் வெடிக்காது, மெதுவாகக் கெடும்.

டயர் செய்யும்போதே, காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யாமலிருக்க மெழுகும் மருந்தும் கலக்கிறார்கள். டயர் உருண்டு வளைய வளைய அவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். அதனால்தான் ஓடாமல் நிற்கும் காரின் டயர் சீக்கிரம் வெடிப்பு விடுகிறது. மண்ணெண்ணெயால் துடைத்தால் அந்தக் காப்பையும் சேர்த்து நாமே கழுவி எடுத்துவிடுகிறோம்.

இதற்கென்றே தனி மருந்து அமெரிக்காவில் வந்தது. 1962-ல் ஜோ பால்ச்சர் என்ற வேதியியலாளர் ஒன்றைத் தயாரித்தார். 1972-க்குப் பிறகு அது ஆர்மர் ஆல் என்ற பெயரில் பிரபலமானது. சிலிக்கோன் எண்ணெயைத் தண்ணீரில் பால்போலக் கலந்த திரவம் அது. நம் நாட்டில் 1983-ல் மாருதி வந்து, பிறகு டேஷ்போர்டும் பம்பரும் பிளாஸ்டிக்காக மாறிய பின்தான் இந்தப் பாட்டில்கள் நம் ஊர்க் கடைகளுக்கு வந்தன.

இனி நண்பருக்குச் சொன்ன பதில். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் வாடை அடித்தால் வேண்டாம். தண்ணீரில் கலந்தது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். அது பெரும்பாலும் பால்போல் இருக்கும். முதலில் ஷாம்பூத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர விடுங்கள். மருந்தைத் துணியில் கொஞ்சமாக எடுத்துத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். டேஷ்போர்டு ரொம்பப் பளபளத்தால் மத்தியான வெயில் முன்கண்ணாடியில் எதிரொளித்துக் கண் கூசும். பெடல், ஸ்டீயரிங், தரையில் படும் டயர் பட்டை, பிரேக் டிஸ்க் ஆகிய நான்கிலும் எதுவும் படக்கூடாது.

பழைய கார் வாங்குபவர்களுக்கு ஒன்று: டயர் மின்னுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பாலீஷ் வெடிப்பை மறைக்கும், வயதைக் குறைக்காது.

நம் ஊர் வெயிலுக்கு இவை எல்லாவற்றையும்விட நல்ல மருந்து வேப்பமர நிழல். காசும் கிடையாது. நண்பர் பேரனிடம் சொல்லிவிட்டாராம். பெடலைத் தொடவே கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாராம்.